பாட்டு ஓயவில்லை, பட்டைதான் உரிகிறது!

பொடுகு என்றால் வெள்ளையாக இருக்கும். சட்டைக் காலரிலும் தலையணை உறையிலும் கறுப்பாகச் செதில் செதிலாக உதிர்ந்தால் ஷாம்பூவை மாற்றிப் பயனில்லை. ஹெட்போனைத் திருப்பிப் பார்க்க வேண்டும். உச்சந்தலையில் உட்காரும் பட்டையின் நடுவில் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு தெரியும். அதை நகத்தால் நோண்டாமல் விடுகிற மனிதர் இன்னும் பிறக்கவில்லை. சில வாரங்களில் வெடிப்பு ஓட்டையாகி, ஓட்டை வழியாக ஸ்பாஞ்ச் எட்டிப் பார்க்கும். ஆன்லைன் வகுப்பு மாணவர், கால் சென்டர் ஊழியர், விடிய விடிய எடிட்டிங் செய்பவர் என்று ஹெட்போனோடு குடித்தனம் நடத்தும் பலருக்கும் இரண்டு மூன்று வருடத்தில் இந்தக் கட்டம் வந்துவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், அந்த நிலையிலும் பாட்டு முதல் நாள் கேட்ட மாதிரியேதான் கேட்கும். ஒலியைத் தருகிற டிரைவர் என்பது ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள், ஒரு மெல்லிய சவ்வு. உரசித் தேயும்படி அதில் எதுவும் இல்லை. தண்ணீர் புகாமல், அளவுக்கு மீறிச் சத்தம் வைக்காமல் பார்த்துக்கொண்டால் அது பல பத்தாண்டுகள் உழைக்கும். உள்ளே இருப்பது இப்படிக் கல்லு மாதிரி இருக்க, மொத்த ஹெட்போனையும் குப்பைக்கு அனுப்புவது மேலே போர்த்திய ஒரு மில்லிமீட்டர் செயற்கைத் தோல்.

இதைத் தூக்கிக்கொண்டு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனால், "இதுக்கெல்லாம் ஸ்பேர் வராது சார், புதுசா எடுத்துக்குங்க" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். கடைக்காரர் மேல் தப்பில்லை. அவர் ஜாக் மாற்றுவார், அறுந்த வயரைச் சால்டர் வைப்பார், பேட்டரி மாற்றுவார். இது மின்னணுப் பழுதே இல்லை, தையல் பழுது. இதற்கு வைத்தியம் தெரிந்தவர்கள் தெருமுனைத் தையல்காரர், செருப்பு தைப்பவர், கார் சீட் கவர் போடுபவர். பட்டையே முறிந்துபோயிருந்தால், உடைந்த பிளாஸ்டிக் குடத்தைச் சூடான கம்பியால் ஒட்டித்தருகிற மனிதர். போகிற இடம் தெரிந்துவிட்டால் செலவு பாதி குறைந்துவிடும்.

சமையலறையில் பிறந்த பட்டை

ஆரம்பத்தில் இந்தத் தொல்லை இல்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்காரர் நதானியல் பால்ட்வின் 1910-ல் தன் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போனை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பிவைத்தார். சோதித்துப் பார்த்துவிட்டுக் கடற்படை ஆர்டர் கொடுத்தது. சமையலறையில் ஒரு தடவைக்குப் பத்துக்கு மேல் செய்ய முடியாது என்று அவர் பதில் எழுத வேண்டியதாயிற்று. தலையில் மாட்டுவதற்கு அவர் வைத்தது தோல் போர்த்திய இரண்டு கம்பிகள். தோல் கிழிந்தால் எந்த ஊர் செருப்பு தைப்பவரும் வேறு தோல் போர்த்திக் கொடுத்துவிடலாம்.

1979-ல் சோனி வாக்மேனோடு வந்த ஹெட்போனில் போர்வையே கிடையாது. மெல்லிய உலோகப் பட்டை, இரண்டு பக்கமும் ஸ்பாஞ்ச் வட்டம். 1984-ல் வந்து இன்றும் விற்பனையாகும் காஸ் நிறுவனத்தின் போர்ட்டா புரோவும் அந்தச் சாதிதான். முடியைச் சிக்கவைத்து இழுக்கும் என்ற குறை அதற்கு உண்டு. உரியும் என்ற குறை கிடையாது, உரிய எதுவும் இல்லையே. பிறகு தெருவில் போகிறவர் தலையிலும் பெரிய, மெத்தென்ற, தோல் போலத் தோன்றும் ஹெட்போன் ஏறியது. நிஜத் தோல் போட்டால் விலை கட்டுப்படியாகாது. போலித் தோல் வந்தது. கூடவே கறுப்புப் பொடுகும் வந்தது.

பெட்டியில் 'புரோட்டீன் லெதர்', 'வீகன் லெதர்', 'பி.யு. லெதர்' என்று எந்தப் பெயர் போட்டிருந்தாலும் பெரும்பாலும் உள்ளே இருப்பது பின்னல் துணிமேல் பூசிய பாலியூரித்தேன் படலம்தான். இதில் பாலியெஸ்டர் வகையைச் சேர்ந்த படலத்துக்குத் தண்ணீர் எமன். மூலக்கூறுச் சங்கிலியில் உள்ள எஸ்டர் பிணைப்புகளை நீர் ஒவ்வொன்றாக அறுக்கும். அறுபடும் இடத்தில் அமிலம் உண்டாகும். அந்த அமிலம் அடுத்த பிணைப்பு அறுபடுவதை முடுக்கிவிடும். இரண்டு வருடம் ஒன்றும் ஆகாமல் இருந்த பட்டை, ஒருமுறை வெடித்ததும் கிடுகிடுவென்று உரிவது இதனால்தான். தண்ணீரில் முக்கியெடுக்கத் தேவையில்லை, காற்றின் ஈரமே போதும். சென்னை, நாகை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் அதற்குப் பஞ்சமா? போதாக்குறைக்கு வேர்வையும் தலையில் வைத்த தேங்காய் எண்ணெயும் சேர்ந்துகொள்கின்றன.

பெட்டிக்குள் பத்திரமாகப் பூட்டிவைத்தாலும் தப்பாது. கல்யாணத்துக்கு வாங்கி ஒரே நாள் போட்ட ஷூ, அலமாரியில் கிடந்து அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்ந்த அனுபவம் பல வீடுகளில் உண்டு. அங்கேயும் நடந்தது இதே வேதியியல்தான்.

சோபாவுக்கும் பஸ் சீட்டுக்கும் போடுகிற ரெக்சின் பெரும்பாலும் பி.வி.சி. வகை. அதற்கு வேறு வியாதி. அதை வளைய வைக்கும் மென்மையூட்டி மெல்ல வெளியேறிவிட, நாளடைவில் விறைத்துப் பாளம் பாளமாக வெடிக்கும். ஆனால் செதில் செதிலாகத் தலையில் கொட்டாது. ஹெட்போனுக்குத் திரும்ப மேலுறை போடப் போகிறவர் கடையில் கவனிக்க வேண்டிய வித்தியாசம் இது.

முதலில் உரித்தெடு

புது உறை போடுவதற்கு முன்னால் பழையது முழுவதும் போக வேண்டும். பாதி உரிந்த படலத்தின் மேல் எதை ஒட்டினாலும், ஒட்டியதையும் கூட்டிக்கொண்டு அது உரியும். அகலமான செலோ டேப்பை அழுத்தி ஒட்டிச் சடக்கென்று இழுத்தால் தளர்ந்த செதில்கள் அதோடு வந்துவிடும். மிச்சத்தைச் சொரசொரப்பான துண்டால் தேய்க்கலாம். கீழே சாம்பல் அல்லது கறுப்பு நிறத்தில் பின்னல் துணி சுத்தமாகத் தெரிகிற வரைக்கும் தேய்க்க வேண்டும். நியூஸ்பேப்பரை விரித்துக்கொண்டு உட்காருவது நல்லது. இந்தத் தூள் மெத்தையில் விழுந்தால் ஒரு வாரம் வீட்டில் பேச்சு வாங்க வேண்டிவரும். எண்ணெய்ப் பிசுக்குக்கு ஈரத்துணியில் ஒரு சொட்டு ஷாம்பூ போதும். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கம் மட்டும் போகக் கூடாது. அதில் அசிட்டோன் இருந்தால், பல ஹெட்போன்களின் உடலாக இருக்கும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் இளகி வழியும்.

பலருக்கு இந்த இடத்திலேயே வேலை முடிந்துவிடுகிறது. படலம் போனாலும் துணி முழுசாக இருந்தால், அப்படியே மாட்டிக்கொள்ளலாம். பார்க்கக் கொஞ்சம் ஏழ்மையாக இருக்கும், அவ்வளவுதான்.

அழகும் வேண்டும் என்பவர்களுக்கு மிக மலிவான வழி ஸ்போர்ட்ஸ் கடையில் இருக்கிறது. பேட்மின்டன் ராக்கெட்டின் கைப்பிடியில் சுற்றுகிற கிரிப். பட்டையின் ஒரு முனையில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடுகிற மாதிரி இழுத்துச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். அகலமான பட்டைக்கு ஒன்று போதாது, இரண்டு வாங்கிக்கொள்வது உத்தமம். வழுவழுப்பான கிரிப்பும் பாலியூரித்தேன்தான், அதுவும் ஒருநாள் தேயும். தேய்ந்தால் பிரித்துவிட்டு வேறு சுற்ற எத்தனை நேரம் ஆகும்? வேர்வை அதிகம் உள்ளவர்கள் பருத்தியில் வரும் டவல் கிரிப்பைக் கேட்டு வாங்கலாம்.

இன்னொரு வழி, கழற்றித் துவைக்கக்கூடிய துணி உறை. ஆன்லைனில் ஜிப் வைத்த உறைகள் சில நூறு ரூபாய்க்கு விற்கின்றன. அதையே தையல்காரர் பத்து நிமிடத்தில் அடித்துக் கொடுத்துவிடுவார். மெத்தைப் பகுதியின் நீளம், பட்டையைச் சுற்றி அளந்த சுற்றளவோடு இரண்டு சென்டிமீட்டர். இந்த அளவில் ஒரு செவ்வகத் துண்டு, நீளவாக்கில் ஒரு வெல்க்ரோ பட்டை. துணிக்கு எங்கும் அலைய வேண்டாம், பழைய டி-ஷர்ட்டின் கைப்பகுதியே போதும். பனியன் துணி இழுபடும், வளைவில் சுருக்கம் விழாமல் உட்காரும், வேர்வையை உறிஞ்சும், வாராவாரம் துவைக்கலாம். போலித் தோலுக்குப் பதிலாக இன்னொரு போலித் தோலைப் போட்டு மூன்று வருடம் கழித்து அதே கறுப்புத் தூளைப் பொறுக்குவதைவிட, நம் ஊர் வெயிலுக்கு இதுதான் புத்திசாலித்தனம். ஹெட்போன் புதிதாக இருக்கும்போதே இந்த உறையைப் போட்டுவிடுகிறவர் இன்னும் கெட்டிக்காரர்.

இல்லை, தோல்தான் வேண்டும், கம்பெனியில் வந்த மாதிரி இருக்க வேண்டும் என்பவருக்கும் தமிழ்நாட்டில் குறைவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்களுக்குப் பேர்போன மாநிலம் இது; சென்னையில் பெரியமேடு தோல் கடைகளின் பேட்டை. அங்கே போய் ஷூவுக்கான தோலைக் கேட்கக் கூடாது. அது தடிமன், பட்டையின் வளைவில் படியாது. கையுறைக்கும் ஜாக்கெட்டுக்கும் போகிற மெல்லிய ஆட்டுத்தோலில் ஒரு துண்டு போதும். பழைய உறையின் தையலை பிளேடு நுனியால் பிரித்து, கிழியாமல் எடுத்து, தட்டையாக விரித்து, அதை வைத்தே வெட்ட வேண்டும். பழைய ரவிக்கையை அளவுக்குக் கொடுத்துப் புது ரவிக்கை தைக்கச் சொல்வது போலத்தான். பழைய உறையைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் பட்டையோடு வந்து நின்றால் எந்தத் தையல்காரரும் தலையைச் சொறிவார்.

பட்டையைக் கழற்றவே முடியாத மாடல்கள் உண்டு. அவற்றை மிஷினில் கொடுக்க முடியாது, கையால்தான் தைக்க வேண்டும். அந்தக் கை, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மாதிரி கார் உதிரிபாகத் தெருக்களில் இருக்கிறது. ஸ்டீயரிங்குக்குத் தோல் உறை போடுகிறவர்கள், உறையின் இரண்டு ஓரத்திலும் முன்கூட்டியே துளை போட்டு, சக்கரத்தைச் சுற்றி மூடி, ஊசியால் ஓரத்தோடு ஓரத்தை மாற்றி மாற்றிக் கோத்து இறுக்கிக்கொண்டே போவார்கள். ஹெட்போன் பட்டைக்கு வேண்டிய தையலும் அச்சு அசலாக அதுதான். துளைகள் தோலின் ஓரத்தில் மட்டுமே. ஊசி உள்ளே இறங்குவதே இல்லை.

ஊசி உள்ளே இறங்கக் கூடாது என்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் வயர் தொங்குகிற ஹெட்போனில் மறுபக்கக் காதுக்கான கம்பி எங்கே போகிறது? பட்டைக்குள்தான். எனாமல் பூசிய, தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த இழைகள். ப்ளூடூத் மாடல்களில் பெரும்பாலும் ஒரு காதில் பேட்டரி, மறு காதில் சர்க்யூட் போர்டு. அதனால் இன்னும் கூடுதல் வயர்கள் உச்சந்தலை வழியாகப் போகும். சீட் கவர்காரருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

உள்ளே ஸ்பாஞ்சும் நைந்திருந்தால் அதையும் இதே சாக்கில் மாற்றிவிடலாம். செருப்புக் கடைகளில் கிடைக்கும் உள்ளடி ஃபோம் ஷீட் நன்றாக உழைக்கும். ஆனால் ஆசைப்பட்டுத் தடிமனாக வைத்துவிடக் கூடாது. பட்டை உயர்ந்தால் இரண்டு காது கப்புகளும் மேலே ஏறும். காதைச் சுற்றி அவை சரியாக உட்காராமல் ஓரத்தில் இடைவெளி விழும். அந்த இடைவெளி வழியாக முதலில் கசிந்து போவது பேஸ் ஒலிதான். பழைய தடிமனே புதுத் தடிமனாக இருக்கட்டும்.

முறிந்தால் என்ன செய்வது?

உரிவது அழகுப் பிரச்னை. முறிவது வாழ்வா சாவா பிரச்னை. பிளாஸ்டிக் பட்டைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முறியும்: நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் சறுக்கு பட்டையோடு சேருகிற மூட்டில், ஸ்க்ரூ துளையை ஒட்டி. வளைகிற விசை முழுவதும் அங்கே வந்து குவியும். ஒரு கையால் ஹெட்போனைப் பிடுங்கிக் கழற்றும் பழக்கம் உள்ளவர்களுக்குச் சீக்கிரமே உடையும்.

உடைந்ததும் எல்லோருடைய கையும் தேடிப் போவது ஐந்து ரூபாய் பெவிக்விக். ஒட்டும், சந்தேகமில்லை. சயனோஅக்ரிலேட் பசை காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டு நொடியில் இறுகும். ஆனால் இறுகிய பிறகு அது கண்ணாடித்தனமாக மொறுமொறுப்பாகிவிடும். ஹெட்போன் பட்டையோ தலையில் மாட்டும் ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிர வேண்டியது. நாலு நாளில் அதே இடத்தில் டப்பென்று விடும், கூடவே கறுப்பு பிளாஸ்டிக்கின் மேல் வெள்ளைப் புகைக்கறை மட்டும் நிரந்தரமாக மிஞ்சும்.

பசை மட்டும் போதாது, எலும்பு முறிவுக்குக் கட்டுகிற மாதிரி சிம்பு வேண்டும். உடைந்த இரண்டு முகங்களையும் உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு டியூப்பையும் சம அளவில் கலந்த அரால்டைட் தடவிச் சேர்க்க வேண்டும். வெளிப்புறமாக ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பித் துண்டையோ பழைய ஸ்டீல் ஸ்கேலின் கீற்றையோ பட்டையின் வளைவுக்கு வளைத்து வைத்து, அதன் மேல் நைலான் நூலை நெருக்கமாகச் சுற்றி, நூலுக்கு மேலும் அரால்டைட் பூசிவிட வேண்டும். நூலும் எபாக்சியும் சேர்ந்து இறுகினால் அது தனி உறுதி. ஒரு ராத்திரி தொடாமல் வைக்க வேண்டும் என்பதுதான் கஷ்டமான பகுதி. சுற்றும்போது நீளத்தைக் கூட்டும் சறுக்கின் மேல் பசை வழிந்துவிட்டால், அப்புறம் ஹெட்போன் ஆயுள் முழுக்க ஒரே அளவுதான்.

குடம் ஒட்டுகிறவரின் முறை வேறு. சூடேறிய கம்பியால் வெடிப்பின் இரு ஓரத்தையும் உருக்கி ஒன்றாக்குவார். வீட்டில் சால்டரிங் அயர்ன் இருப்பவர்கள், வெடிப்புக்குக் குறுக்கே ஸ்டேப்ளர் பின்களை வைத்து, அயர்ன் நுனியால் அழுத்தி பிளாஸ்டிக்குக்குள் புதைக்கலாம். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு செய்ய வேண்டும், புகை நல்லதில்லை. வயர் ஓடுகிற பக்கத்தில் இதை முயற்சி செய்யவே வேண்டாம்.

3டி பிரிண்டரில் மாற்றுப் பாகம் அச்சிடலாமே என்று கேட்கலாம். அச்சிடலாம், பல மாடல்களுக்கான வடிவக் கோப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பி.எல்.ஏ. என்ற சாதாரண இழையில் அச்சிட்டால், சுமார் 60 டிகிரி வெப்பத்தில் அது இளகிவிடும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுப் போனால் பட்டை கோணிக்கொள்ளும். பி.ஈ.டி.ஜி. அல்லது நைலான் கேட்டு வாங்குவது நல்லது.

இத்தனை பாடும் எதற்கு? வடிவமைத்தவர் மேஜையிலேயே ஒரு தீர்மானம் எடுத்திருந்தால் எதுவும் தேவைப்பட்டிருக்காது. ஜெர்மனியின் பேயர்டைனமிக் நிறுவனம் 1980-களில் கொண்டுவந்து இன்றும் விற்கும் டி.டி. 770 புரோவின் பட்டையில் மெத்தை பிரஸ் பட்டனோடு வருகிறது. நைந்தால் கழற்றிப் புதியதை மாட்டிவிடலாம், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் எஃகு அப்படியே இருக்கும். டி.ஜே.க்களின் செல்லமான சென்ஹைசர் எச்.டி. 25-ல் ஏறக்குறைய ஒவ்வொரு பாகமும் தனித்தனியாக விலைக்குக் கிடைக்கும். ஆஸ்திரியாவில் பிறந்த ஏ.கே.ஜி. கே 240-ன் பட்டை தானாக நீண்டு சுருங்குவது பக்கவாட்டில் ஒளிந்திருக்கும் எலாஸ்டிக்கால். அது தளர்ந்துபோனால் தையல் கடை எலாஸ்டிக்கை வைத்தே சரிசெய்துகொண்டவர்கள் உண்டு. டென்மார்க்கின் ஐ-ஐ-ஐ, நெதர்லாந்தின் ஃபேர்போன் ஆகிய நிறுவனங்கள் பாகம் பாகமாகப் பிரிக்கக்கூடிய ஹெட்போன்களையே விற்கின்றன. தொழில்நுட்பம் இல்லாமல் யாரும் தடுமாறவில்லை என்பதற்கு இவை போதும்.

சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல், ஹெட்போன் உள்ளிட்ட கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். அந்த விதி பேட்டரியோடு நிற்கிறது, மேலுறை வரை வரவில்லை. இந்தியாவில் மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது; விவசாயக் கருவி, கைப்பேசி மற்றும் மின்னணுப் பொருட்கள், வீட்டுச் சாதனங்கள், வாகனம் என நான்கு துறைகள் அதில் உண்டு. உலகம் முழுக்க 2022-ல் மட்டும் சேர்ந்த மின்னணுக் குப்பை 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது அதில் 22.3 சதவிகிதம்தான் என்கிறது ஐ.நா. அமைப்புகளின் 2024 அறிக்கை.

பழுதான பொருளைக் கொண்டுபோய்ச் சரிசெய்துகொள்வதற்காக 2009-ல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டினே போஸ்ட்மா தொடங்கிய 'ரிப்பேர் கஃபே'க்களில் சால்டரிங் அயர்ன் மேஜைக்கு அருகிலேயே தையல் மிஷின் மேஜையும் இருக்கும். 2015-ல் பெங்களூருவுக்கும் அந்த வழக்கம் வந்தது. ஹெட்போன் பட்டை மாதிரி இரண்டுங்கெட்டான் பழுதுகளுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

எல்லா ஹெட்போனையும் காப்பாற்றத்தான் வேண்டுமா? வேண்டாம். பேட்டரி உப்பியிருந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். அதை வைத்துக்கொண்டு தையல் கடைக்குப் போவது ஆபத்து. மூட்டு, பட்டை, சார்ஜிங் துளை மூன்றும் போன மலிவு ஹெட்போனுக்குச் செலவழிப்பதும் வீண். அதிலுள்ள ஸ்க்ரூக்களையும் ஸ்பாஞ்சையும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஒலி நன்றாக இருந்து, ப்ளூடூத்தானால் பேட்டரியும் நன்றாக இருந்தால், மேலுறைக்குச் சில நூறு ரூபாய் போடுவதில் நஷ்டமே இல்லை.

வேலை முடிந்து கைக்கு வந்ததும் கடையிலேயே போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. வாத்தியங்கள் இடம் வலமாகப் பிரிந்து கேட்கும் பழைய ஸ்டீரியோ பாட்டு ஒன்றைப் போட்டு, பட்டையை மெல்ல விரித்துச் சுருக்க வேண்டும். ஒரு பக்கம் விட்டு விட்டுக் கேட்டால் உள்ளே வயர் நசுங்கியிருக்கிறது. பேஸ் மட்டும் குறைந்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, கப்பைக் காதோடு கையால் அழுத்தினால் திரும்ப வந்துவிடும். மெத்தையில் ஒரு அடுக்கு குறைக்கச் சொன்னால் சரியாகிவிடும். இடது காதில் வர வேண்டிய வயலின் வலது காதில் வந்தால் மாட்டியதே தலைகீழ். பட்டையில் இருந்த 'எல்', 'ஆர்' எழுத்துகள் புது உறைக்குள் மறைந்திருக்கும். மார்க்கர் பேனாவால் உள்பக்கம் எழுதி வைத்துக்கொள்ளலாம்.